துடைக்காத மூக்கு

மூக்கைச் சிந்திவிட்டு வந்தால் அந்தம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும்.

நம் ஜனங்களுக்கோ மரியாதை அதிகம். டாக்டர் முன்னால் ஒழுகுகிற மூக்கோடு போய் நிற்கலாமா? வாசல் வேப்பமரத்தடியில் நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பலமாகச் சிந்தி, தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டாலோ முந்தானையாலோ அழுந்தத் துடைத்துக்கொண்டு பளிச்சென்று உள்ளே போவார்கள். அந்தம்மா ஏறிட்டு ஒரு பார்வை பார்ப்பார்.

"சிந்திட்டியா?"

"சுத்தமாச் சிந்திட்டேங்க."

"எங்கிட்டு?"

"வேப்பமரத்துக்கிட்டங்க."

"அப்ப நான் வேப்பமரத்துக்குத்தான் மருந்து குடுக்கணும். நீ போயிட்டு நாளைக்கு வா. எந்திரிச்சதும் அப்படியே வா. தொடைக்காம வா."

வந்தவர் வெளியே போய், காத்திருக்கிறவர்களிடம், "மூக்கத் தொடைச்சது குத்தமாம்ல" என்று முறையிடுவார். அதைக் கேட்டாவது அடுத்த ஆள் உஷாராக வேண்டுமே. மாட்டார். தன் முறை வந்ததும் எழுந்து நேரே வேப்பமரத்தடிக்குத்தான் போவார். பழக்கம் அப்படி.

நான் கல்யாணமாகித் திருக்கோகர்ணத்துக்கு வந்த புதிது அது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரியவர்கள் பேச்சில் 'ராசா காலத்துல' என்பது முந்தாநாள் நடந்தது மாதிரி வரும். கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அந்தம்மா வைத்தியம் பார்த்து வந்தார். தெற்கத்திக்காரர் என்பார்கள். மெட்ராஸில் படித்தவர் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வாசலில் பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. காய்ச்சல், பேதி, பிரசவம் எல்லாம்தான் பார்த்தார். ஆனாலும் ஊர் அவருக்கு வைத்த பெயர் மூக்கு டாக்டரம்மா.

அதற்குக் காரணம் ஜன்னலோரம் இருந்த பித்தளை மைக்ராஸ்கோப். ஓயாமல் தும்முகிறேன், தண்ணீராய் ஊற்றுகிறது என்று யார் வந்தாலும், ரொட்டி சுற்றி வருகிற வெண்ணெய்த்தாளை நீட்டி அதில் சிந்தச் சொல்வார். அதில் ஒரு பொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காயவிட்டு, நீலச் சாயத்தை ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தண்ணீரில் அலசுவார். பிறகு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துக் குனிவார். இந்த வேலையால் அவர் வலது கை விரல்கள் எப்போதும் நீலம் பூத்திருக்கும். முதல்முதலாக அந்தக் கையால் அவர் என் நாடியைப் பிடித்தபோது, இந்தம்மாவுக்கே என்னமோ சீக்கு போலிருக்கிறதே என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கிருமியால் வந்த சளி என்றால் அதில் ஒரு வகை அணுக்கள் கூட்டமாக நிற்குமாம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று மூக்கில் ஏறியதால் வந்தது என்றால் வேறு வகை வந்து நிற்குமாம். அந்தச் சாயம் பட்டால் அவற்றின் உடம்பெல்லாம் சிவப்புப் பொடி அப்பினது போலத் தெரியும். 'சிவப்புச் சட்டைக்காரங்க' என்று அவர் சொல்வார். சிவப்புச் சட்டை இருந்தால் ஒரு மருந்து, இல்லாவிட்டால் வேறு மருந்து. பார்க்கும் முன் வாயைத் திறக்க மாட்டார். "பாத்தாலே தெரியுதேங்க, சளிதானே" என்று யாராவது அவசரப்படுத்தினால், "பாக்காமச் சொல்ல நான் என்ன குறிகாரியா?" என்பார். மேகம் போட்டிருந்தால் அன்றைக்குத் தீர்ப்பே கிடையாது. சூரியன் வர வேண்டும்.

ஒரு பெரிய வீட்டுக்காரர் கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். அவருக்கு வருஷக்கணக்காகத் தும்மல். ஆனால் ஒரு பொம்பளை முன்னால் உட்கார்ந்து தாளில் மூக்கைச் சிந்துவதா என்று கௌரவம் தடுத்தது. அதனால் தன் வண்டிக்காரரை அனுப்பிவைத்தார். வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயாவுக்குக் கூச்சமா இருக்காம். அவுக மூக்குக்குப் பதிலா என் மூக்கப் பாத்துக்கிடச் சொன்னாக" என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. தாளை நீட்டினார். பார்த்தால் வண்டிக்காரருக்கே சிவப்புச் சட்டை மொய்த்துக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசியில் கிடக்கிற மனுஷன். வைக்கோல் உதறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி, மாத்திரையும் கொடுத்து, ஒரு மாசத்தில் சரிப்படுத்திவிட்டார். அப்புறம் அவரிடமே, "வண்டிக்காரருக்குக் கொணமாயிருச்சு, ஒங்களுக்கு எப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டாங்கன்னு ஐயாக்கிட்டச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். பெரிய வீட்டுக்காரர் அடுத்த வாரம் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கியதும் வேப்பமரத்தடிக்குப் போனாராம்.

என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது அன்னவாசல் பக்கம். தை மாதம் கல்யாணம். பங்குனியில் தும்மல் ஆரம்பித்தது. விடியும் முன்னால் தொடங்கும். நிறுத்த முடியாது. கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், பிறகு இருமல், அதற்கும் பிறகு நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல நின்றுவிடும். என் வீட்டுக்காரர் ராஜவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர். ஆனால் தும்முகிற பெண்டாட்டிக்கு என்ன செய்வது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? செம்பில் வெந்நீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

மாமனார் இல்லாத வீடு. எதற்கும் மாமியாரின் அண்ணன் வந்து சொல்வதுதான் சொல். ஒருநாள் காலையில் அவர் வந்திருந்தபோது நான் இருமினேன். அவர் என் மாமியாரைப் பார்த்தார், மாமியார் தரையைப் பார்த்தார். அதற்கு அடுத்த நாளே என் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. காசநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கே அவ்வளவு பயம். சொன்னால் சொன்னவர் வீட்டுக்கே வந்துவிடும் என்பது மாதிரி.

வீட்டுக்காரர் என்னை மூக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். நானும் ஒழுங்காக வேப்பமரத்தடியில் சிந்திவிட்டுத்தான் போனேன். திட்டு வாங்கினேன். மறுநாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒழுகுவதை ஒழுகவிட்டு, தெருவில் நடந்து போனேன். அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அந்தம்மாவோ என்னைப் பார்த்ததும், "இதுதான் மூக்கு" என்று சந்தோஷப்பட்டார். என் மூக்கை அப்படி யாரும் பாராட்டியதில்லை.

சளியைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், மூக்கையும் பார்த்தார். "நீங்க பயப்படுற அந்தக் கிருமி இதுல இல்ல. சிவப்புச் சட்டைக்காரங்கதான் நெறையா நிக்கிறாங்க. ஏதோ ஒண்ணு ஒனக்கு ஒத்துக்கல" என்றார்.

"எதுங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அத அவங்க சொல்ல மாட்டாங்க. ஊரைத்தான் சொல்லுவாங்க. வீட்ட நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

தேடினார். அவரே எங்கள் வீட்டுக்கு வந்து அடுக்களை, மாட்டுக்கொட்டில், பரண் என்று எல்லா இடத்திலும் தலையை நீட்டிப் பார்த்தார். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு டாக்டர் வந்து வீட்டை மோந்து பார்த்தால் எந்தப் பெண்பிள்ளைக்குப் பிடிக்கும்? "மாட்ட அங்கிட்டுக் கட்டிப் பாருங்க" என்றார் அந்தம்மா. கட்டினோம். தும்மல் நிற்கவில்லை. "வெள்ளிக்கெழம சாம்பிராணி போடாம இருந்து பாருங்க" என்றார். மாமியார் முகம் கறுத்தது. சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமையை அவர் கண்டதே இல்லை. ஆனாலும் நிறுத்தினார். அதற்கும் தும்மல் நிற்கவில்லை. கொடுத்த மாத்திரை தும்மலைக் கொஞ்சம் அடக்கியது, ஆனால் ஆளைத் தூக்கத்தில் தள்ளியது. அரிசி களைந்துகொண்டே தூங்குகிற மருமகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? என் மாமியார் பார்த்தார்.

ஆடி பிறந்தது. புதுப்பெண் ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். அப்பா வந்து அழைத்துப் போனார். அன்னவாசல் போன மறுநாளே விடியற்காலைத் தும்மல் நின்றது. மாதம் முடிவதற்குள் இருமலும் சுத்தமாக நின்றுவிட்டது. ஆவணியில் திரும்பி வந்ததும் டாக்டரம்மாவிடம் போனேன். சிந்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி மூக்குக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். சிவப்பு இல்லை. எனக்கு ஒரே கும்மாளம். அடுத்த வாரம் மறுபடி ஆரம்பித்தது.

அங்கேதான் வினையே வந்தது. மாமியாரின் அண்ணன் கணக்காகச் சொன்னார்: "ஆத்தா வீட்டுல நல்லாருக்கு, இங்க வந்தாச் சீக்கு. இந்த வீடு அந்தப் புள்ளைக்கு ஆகல. 'ஏதோ ஒத்துக்கல'ன்னு டாக்டர் வாயாலயே சொல்லுது. தல தீபாவளிக்குப் போகட்டும், போனவ அங்கிட்டே இருக்கட்டும். மாப்பிள்ளை மட்டும் திரும்பி வரட்டும். அப்புறம் பேசிக்கிடலாம்." அப்புறம் பேசுவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு வேறு பெண் பார்ப்பது. டாக்டரம்மா எனக்கு நல்லது செய்வதற்காகப் பார்த்த பார்வையே என் கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது. அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பார்க்காமலே ஏதோ சளி என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அழுதேன்.

தீபாவளிக்கு முதல் நாள் போனோம். என் துணிகளை எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. அப்பாவுக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. கறியும் பலகாரமுமாய் அமர்க்களம். மறுநாள் விடிவதற்கு முன்னால், எண்ணெய்ச் சட்டியை அம்மா அடுப்பில் வைப்பதற்குள், நான் தும்மினேன். பிறந்த வீட்டில் எனக்கு அந்தத் தும்மல் வந்தது அதுதான் முதல் தடவை. தும்மிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன். இதென்ன, இங்கேயுமா? எனக்கென்று இனி ஒரு வீடுமே இல்லையா? அம்மா, "வெடிப்புகைடி" என்றார். வெடி இன்னும் யாரும் போடவே இல்லை.

அடுத்த நாளும் அதே தும்மல். நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "என்ன விட்டுட்டுப் போறதுன்னாப் போங்க. ஆனா ஒரு தடவ அந்தம்மாக்கிட்டக் காட்டிட்டு விட்டுட்டுப் போங்க." அவர் சட்டையை மாட்டினார். அப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. அவரும் கூடவே கிளம்பினார். தீபாவளிப் பட்டும், தலை நிறையப் பூவும், ஒழுகுகிற மூக்குமாக நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். துடைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் இரக்கப்பட்டுத் தன் முந்தானையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழைக் காலம். வானம் கும்மென்று மூடிக் கிடந்தது. அந்தம்மா கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, அலசிக் காயவைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வெளக்கு வச்சுப் பாக்கக் கூடாதுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த வெளக்குல பாத்தா எனக்கு நெறம் சரியாத் தெரியாது. தெரியாமச் சொன்னா ஒம் பொண்டாட்டிக்கு இல்லாததெல்லாம் வந்துரும். சூரியன் வரட்டும்."

காத்திருந்தோம். அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். உச்சிப்பொழுதுக்கு மேல்தான் மேகம் கொஞ்சம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. அந்தம்மா குனிந்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திருக்காங்க. கூட்டமா வந்திருக்காங்க."

"அதுக்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு வயிற்றெரிச்சல்.

"ஆத்தா வீட்டுலயும் வந்துட்டாங்கன்னா, குத்தம் புருசன் வீட்டுமேல இல்லடி. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. ஆடியில இல்லாதது, தீபாவளிக்கு வந்தது. சொல்லு, ஆடியில எதுல படுத்த?"

"பாயிலங்க."

"இங்க புருசன் வீட்டுல?"

"சீர் மெத்தையிலங்க."

"முந்தாநாள் ராத்திரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மாப்பிள்ளை பாயில படுக்கலாமா? அதான் புதுசா ஒரு மெத்தையும் தலகாணியும் தச்சு வச்சிருந்தேங்க. நம்ம கொல்லை இலவமரத்துப் பஞ்சு. சீருக்குக் குடுத்தமே, அதுவும் அதே மரந்தான்." பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. இலவு காத்த கிளியைத்தான் ஊரில் சொல்வார்கள். என் அப்பா காத்த இலவு பஞ்சாகவும் ஆயிற்று, மெத்தையாகவும் ஆயிற்று, கடைசியில் மகள் மூக்கில் போய் வெடித்தது.

அந்தம்மா அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி கும்பிடுவது போலக் குனிந்தார். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"கேப்பைய அள்ளிப் போட்டாப்புல செவப்பாக் கெடக்குங்க."

"அதேதான். பஞ்சுமேல குத்தமில்ல, ஒங்க பொண்ணுமேலயும் குத்தமில்ல. ரெண்டுக்கும் ஒத்துக்கல, அவ்வளவுதான். ஆனா நான் இன்னும் எதுவும் சொல்லல. மெத்தைய வெளிய எடுத்துட்டு, புருசன் வீட்டுல பாயில படுத்து எந்திரிச்சு, கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"அங்கிட்டே இருக்கட்டும்னு வீட்டுல..." என்று அப்பா இழுத்தார்.

"அவ என்கூடத்தான் வாரா மாமா" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான பிறகு அவர் குரலை அவ்வளவு கெட்டியாக நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்று பேருமாக வீட்டுக்குப் போனோம். மாமியாரின் அண்ணனும் அங்கே இருந்தார். அப்பா வாசலிலேயே நின்று, "தங்கச்சி, நான் குடுத்த சீர்தான் புள்ளைக்குச் சீக்காப் போச்சு. மெத்தையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். சொல்லும்போதே அவர் தலை தொங்கிவிட்டது. என் அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த மெத்தையை எரித்துவிடலாம் போல எனக்கு வந்தது.

அண்ணன்காரர் விடவில்லை. "சீரத் திருப்புனா ஊரு என்ன சொல்லும்? பொண்ணத் திருப்பிட்டாகன்னுல்ல சொல்லும்?"

என் மாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணையே திருப்பலாம்னு சொன்னவரு நீங்கதானண்ணே" என்றார். அப்புறம் அப்பாவிடம், "உள்ள வாங்கண்ணே. சீர எதுக்குத் திருப்பணும்? சாம்பிராணிய நிறுத்துனேன், மாட்ட அங்கிட்டுக் கட்டுனேன். ஒரு மெத்தையப் பிரிக்க மாட்டனா? நீங்க தச்சுக் குடுத்த உறை இருக்குல்ல, அதுதான் சீரு. உள்ள என்ன இருக்குன்னு எவ வந்து பாக்கப் போறா?" என்றார்.

மறுநாள் என்னைக் கொண்டுபோய் டாக்டரம்மா வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பஞ்சைப் பிரித்தார்கள். கோடுபோட்ட மெத்தைத் துணியை மாமியார் துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்தார். தன் பழைய நூல் சேலைகளை மடித்து மடித்து உள்ளே வைத்துத் தைத்தார். அவர் கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சேலைகள். பஞ்சை அப்பா மூட்டையாகக் கட்டி எடுத்துப் போய்க் கோயில் விளக்குத் திரிக்குக் கொடுத்துவிட்டார். பஞ்சும் வீணாகவில்லை, மானமும் போகவில்லை.

தும்மல் குறைந்துகொண்டே வந்து நின்றது. கார்த்திகை முடிவதற்குள், மாமியாரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா பார்த்துவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"ஒண்ணையும் காணமே" என்றார் மாமியார்.

"அதத்தான் பாக்கச் சொன்னேன். ஒண்ணுமில்லேங்கிறதையும் பாத்துத்தான் சொல்லணும். இப்பச் சொல்றேன், ஒங்க மருமகளுக்குச் சீக்கு இல்ல."

வீடு திரும்பியதும் என் தட்டையும் டம்ளரையும் மாமியார் எடுத்து மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார். வீடே மூச்சுத் திணறியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோருக்கும் என்னைப் போல வாய்த்தது என்று சொல்ல மாட்டேன். கட்டுமாவடியிலிருந்து கருவாடு விற்கிற ஒரு அம்மாள் வருவார். கருவாட்டுக் கூடையை இறக்கினால் தும்மல், ஏற்றினால் தும்மல். அவர் பிழைப்பே அதுதான். "சிவப்பப் பாத்துட்டேன், வழியத்தான் காணோம்" என்று அந்தம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. கூடையை எண்ணெய்த் துணியால் மூடிக் கட்டச் சொன்னார், மூக்குக்கு ஈரத்துணி கட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பார்த்து, "இன்னைக்குக் கொறைஞ்சிருக்காங்க" என்றால் அந்த அம்மாளுக்கும் முகம் மலரும், இவருக்கும் மலரும்.

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அந்தம்மா ஊரைவிட்டுப் போனார். கண்ணில் புரை விழுந்துவிட்டது. இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம். காய்ச்சலுக்கும் பேதிக்கும் மைக்ராஸ்கோப்பா வேண்டும்? ஊரில் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "பாக்க முடியல. பாக்க முடியாம ஒக்காந்து சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அக்கா மகன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அந்த ஓட்டு வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. வண்டிக்காரர் வந்திருந்தார். என் மாமியார் தள்ளாத வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கருவாட்டு அம்மாள் கட்டுமாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அந்தம்மா வெளியே வந்ததும் பெண்கள் எல்லாம் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். கண்ணும் ஒழுகியது, மூக்கும் ஒழுகியது. ஒருவர்கூட வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. அந்தம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இத்தன வருசமாக் கத்துனேன். இன்னைக்குத்தான் ஒழுங்கா வந்திருக்கீங்க" என்றார்.

அழுகையோடு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் நிறுத்தமுடியாமல் விம்மிக்கொண்டிருந்தேன். அந்தம்மா மட்டும் ஜன்னலோரம் குனிந்து பார்த்திருக்காவிட்டால் எனக்கு இந்தப் புருஷன் ஏது, இந்தப் பிள்ளைகள் ஏது? அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். மைக்ராஸ்கோப் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. தாளை நீட்டினார். வழக்கம்போலத் தேய்த்தார், சாயம் ஊற்றினார், அலசினார். கண் தெரியாவிட்டாலும் அந்த நீல விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. வெயில் நன்றாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, "நீ பாரு" என்றார்.

குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். வெளிறிய நீலம், அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளி. கண்ணாடித் துண்டை அவரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல நகர்த்திக் காட்டினார்.

"சிவப்பு இருக்கா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க. ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்ப இது சீக்கு இல்ல" என்றார். "நல்லா அழு."